கெர்ஃபியின் இருநூற்றுப் பத்து ஓட்டைகள்

புரொபசர் அப்தெல்ஹஃபீத் கெர்ஃபி தன் வாழ்நாளில் ஒரு குமிழியைக்கூட உண்டாக்கியவரில்லை. பொறாமையில் சொல்லவில்லை. அல்ஜீரியாவின் அன்னாபா நகரில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பதினோரு வருடமாகப் பொறியாளராக இருப்பவள் நான். மீயொலித் தொட்டியில் எந்தப் பொத்தான் எதற்கென்று அவருக்குத் தெரியாது. ஆனால் அதன் பக்கத்தில் நின்று எடுத்த படங்கள் நூறு வைத்திருப்பார். எல்லாவற்றிலும் கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருக்கும்.

காதுக்கு எட்டாத ஒலியைத் தண்ணீருக்குள் செலுத்தினால் நுண்ணிய குமிழிகள் பிறந்து, ஊதி, சட்டென்று நொறுங்கும். பக்கத்தில் உலோகம் இருந்தால் அதைக் கடித்துவிடும். கடியின் வேகத்தை அறிய, சமையலறை அலுமினியத் தாளை ஒரு நிமிடம் முக்கியெடுத்து ஓட்டைகளை எண்ணுவோம். எங்கள் புதுத் தொட்டியில் எனக்குக் கிடைத்தவை நாற்பத்து மூன்று. கெர்ஃபியின் கட்டுரையில் அவை இருநூற்றுப் பத்தாக அச்சாயின.

"நீங்க வீட்டுக்குப் போனப்புறம் நானே ஒரு தடவ செஞ்சேன் மதாம்," என்றார். அந்தத் தாளைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவும் செய்தார். அந்த ஓட்டைகள் எப்படி வந்தவை என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்தது; ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். அந்த மௌனத்தை நினைத்தால் அவரைவிட என்மேல்தான் எனக்கு இளக்காரம்.

மூன்று வருடம் கழித்து, பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய அல்ஜியர்ஸிலிருந்து மூவர் குழு வந்தது. அன்று காலை தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தொட்டியை நிரப்பியிருந்தேன். கெர்ஃபி எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்ன இது, செத்த குளம் மாதிரி கெடக்கு? ஒரு குமிழியும் தெரியல."

"காத்த வெளியேத்தியிருக்கேன் புரொபசர். தண்ணில காத்து இருந்தா குமிழிக்குள்ள மெத்த மாதிரி உக்காந்துக்கும். அடி மெத்துனு விழும், தாள் கிழியாது."

"மெத்தயா? வர்றவங்க குமிழியப் பாக்கத்தான் வர்றாங்க. குழாய்த் தண்ணி பிடிங்க. அப்புறம் அந்த மக்ரூத் இனிப்புத் தட்டக் கொஞ்சம் முன்னால தள்ளி வைங்க."

அவர் பெயரில் வந்த பாடநூலின் மூன்றாம் பக்கத்தில் இருக்கும் விஷயம் இது. அந்தப் பக்கத்தை எழுதியவள் நான், அவர் படித்திருந்தால்தானே. என் தண்ணீரைச் சின்னக் குழாய் வழியாக மெல்ல ஒரு கேனில் இறக்கி மூடிவைத்துவிட்டு, அவர் கேட்டதை நிரப்பினேன்.

குழுவின் தலைவி சுலேகா பூசெர்தா, கப்பல் உந்துவிசிறிகளைக் குமிழிகள் அரிப்பதைப் பார்த்தே தலை நரைத்தவர். தொட்டியை ஓட்டியதும் குமிழிகள் கொத்துக் கொத்தாக எழும்பின. கெர்ஃபி கல்யாண வீட்டு மாமா மாதிரி கைகளை விரித்து நின்றார். ஒரு நிமிடம் கழித்து எடுத்த தாளில் சுருக்கம் இருந்தது. ஓட்டை ஒன்றுகூட இல்லை.

"இன்னிக்கு வந்த தாள் கொஞ்சம் தடிமன்," என்றார் கெர்ஃபி.

"அப்போ சுவத்துல இருக்கறத எடுங்க," என்றார் பூசெர்தா. சட்டத்தைக் கழற்றித் தாளை ஜன்னலுக்கு நேரே பிடித்தார். பின்பக்கம் நகத்தால் வருடினார். "எல்லா ஓட்டையும் ஒரே அளவு. பிசிறு எல்லாம் ஒரே பக்கம். குமிழி கண்டபடி கடிக்கும். இது யாரோட ஊசி, புரொபசர்?"

கெர்ஃபி என் பக்கம் திரும்பினார். "தாளெல்லாம் தயார் பண்றது மதாம் சலீஹாதான். நான் நம்பிட்டேன்."

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்ததோ, சாப்பாட்டில் முடி தட்டுப்பட்டது போன்ற அருவருப்புதான். என் குறிப்பேட்டை எடுத்து, தேதியும் நாற்பத்து மூன்றும் உள்ள பக்கத்தைத் தலைவி முன் வைத்தேன். தொட்டியைக் காலி செய்து கேனிலிருந்த தண்ணீரை இறக்கினேன். இம்முறை பார்க்க ஒன்றுமே இல்லை; கடுமையான சீறல் மட்டும். ஒரு நிமிடத்தில் எடுத்த தாளை பூசெர்தா தானே எண்ணினார்.

"நாப்பத்தொண்ணு."

"பாத்தீங்களா," என்றார் கெர்ஃபி. "தொட்டி வேலை செய்யும்னு நான் சொன்னேன்ல."

யாரும் அவர் பக்கம் பார்க்கவில்லை. பூசெர்தா என்னிடம் கேட்டார்: "ஊசி விஷயம் உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"மூணு வருஷமா."

"மூணு வருஷமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

அவர் குறிப்பேட்டை மூடி என்னிடம் நீட்டினார்.

அந்தப் பெரிய ஆய்வுக்கூடம் வேறு ஊருக்குப் போனது. அந்த வாரமே கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்குக் குறிப்பேட்டுப் பக்கங்களை அனுப்பினேன். எட்டு மாதம் கழித்துக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். கெர்ஃபியை என்ன செய்தார்கள் என்கிறீர்களா? துணை டீன் ஆக்கினார்கள். கருவிகள் நிறைந்த ஆய்வுக்கூடத்திலிருந்து அவரை அப்புறப்படுத்த அதுதான் வழி என்று நினைத்தார்களோ என்னவோ.

போன வாரம் அவர் கையெழுத்தில் கடிதம் வந்தது: ஆய்வில் நேர்மை பற்றிய கருத்தரங்கில் நான் பேச வேண்டுமாம், வரவேற்புரை அவராம். போகவில்லை. கொதிக்கவைக்க வேண்டிய தண்ணீர் நிறைய இருந்தது.