பஞ்சுத் தாள்

தங்கச்சி மறுபடியும் படியில் விழுந்துவிட்டு எங்களிடம் வந்திருந்தாள். அவள் வீட்டுப் படிக்கு அவள்மேல் அப்படி என்ன காண்டோ எனக்குப் புரியவில்லை. கழுத்தில் துணி சுற்றியிருந்தாள். அவிழ்க்கச் சொன்னால் குளிருது என்றாள். என் அச்சுக்கூடத்தின் பின்னறையில் தாழ் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்துத் தன் முகத்தைச் செப்புத் தகட்டில் ஊசியால் கீறினாள். தகடு முடியப் பத்து நாளானது. அதற்குள் கழுத்துத் துணிக்கும் வேலை இல்லாமல் போனது.

அப்போதுதான் மாப்பிள்ளை அழைத்துப்போக வந்து நின்றான். அம்மா அவள் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள்.

"சண்டை சச்சரவு எல்லா வீட்லயும்தான் இருக்கு. அனுசரிச்சுப் போ," என்றாள்.

விழுந்தவளே படி என்கிறாள், நான் யாரோடு மல்லுக்கு நிற்பது?

தகட்டைப் பார்த்ததும் மாப்பிள்ளைக்கு வாயெல்லாம் பல். "ஹால்ல மாட்டலாம் அண்ணி, ஒரு பிரிண்ட் போட்டுக் குடுங்க," என்று தானே அலமாரியிலிருந்து வழவழப்பான ஆர்ட் பேப்பரை உருவினான். அது மெல்லிய கோட்டுக்குள் இறங்கி மையை எடுக்காது. சொல்லிப் பார்த்தேன். கேட்கிற ஜென்மமா அது? தகட்டில் மை தடவித் துடைத்து, மேலே தாளை வைத்து, அச்சு இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றினேன். இரும்பு உருளை இரண்டையும் சேர்த்து நசுக்கி வெளியே தள்ளியது. ஆழமான கோடுகள் மட்டும் விழுந்தன. கண், மூக்கு, மொழுமொழுவென்று கழுத்து.

"என் பொண்டாட்டி எவ்வளவு அழகு பாருங்க அத்தை," என்றான். அம்மா பூரித்துப்போனாள்.

தங்கச்சி வாயைத் திறந்தாள். "அக்கா, பஞ்சுத் தாள்ல ஒண்ணு போடு. நனைச்சுப் போடு."

பருத்தியில் செய்த கனமான தாள் அது. ஊறவைத்து ஒற்றியெடுத்தால் துணிபோல இளகும். முடியளவு கீறலுக்குள்ளும் புகுந்து மையை அள்ளிக்கொண்டு வரும். தகட்டில் மை தடவித் துடைத்து, உருளைக்குள் விட்டு, தாளை உரித்தேன்.

கழுத்தில் விரல்கள் இருந்தன. பக்கத்துக்கு நாலு, நடுவில் இரண்டு கட்டைவிரல், நகம் இறங்கிய இடம், ஒரு விரலில் மோதிரத்தின் தடம். அம்மா திரும்பி மாப்பிள்ளையின் மோதிரத்தைப் பார்த்தாள்.

அவன் தாளைப் பிடுங்கிக் கிழித்தான். தங்கச்சியின் முடியைப் பிடித்து, அவள் நெற்றியை மேசை விளிம்பில் மோதினான். தடுக்கப் போன என் வாயில் முழங்கையால் இடித்தான். பல் ஒன்று கழன்று நாக்கில் விழுந்தது. பிறகு தகட்டின்மேல் பாய்ந்தான். அது உருளையை ஒட்டிக் கிடந்தது, மையில் வழுக்கியது. இரண்டு கையையும் உள்ளே விட்டு இழுத்தான்.

தங்கச்சி ரத்தம் ஒழுக எழுந்து போய்ச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினாள்.

எலும்பு நொறுங்குவது எனக்குக் கேட்டது. அவன் போட்ட அலறலில் தெருவே திரண்டிருக்கும். அவள் சக்கரத்தை விடவில்லை.

"இப்ப அம்மாகிட்ட சொல்லுங்க. நான் படியில விழுந்தேனா?"

இன்னும் கொஞ்சம் சுற்றினாள்.

"இல்ல... நான்தான்... நான்தான் அத்தை..."

அம்மா வாசலில் இருந்த பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சக்கரத்தைப் பின்பக்கம் சுற்றினால் அவன் கை வெளியே வந்துவிடும். அதற்கு முன்னால் நான், அவன் கிழித்ததற்குப் பதிலாக, இன்னொரு பஞ்சுத் தாளைத் தண்ணீரில் போட்டேன்.