ஆற்றைக் கடந்த சவ்னா

கடிதம் இரண்டே பக்கம். முதல் பக்கத்தில் வருத்தம், இரண்டாம் பக்கத்தில் தீர்ப்பு.

ஆர்னி கங்காஸ் வருத்தத்தைத் தாண்டி நேரே இரண்டாம் பக்கத்துக்குப் போனான். முப்பது வருடமாகப் பள்ளிப் பேருந்துகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து வேலை பார்ப்பவன். எந்தக் காகிதத்திலும் கடைசி வரியைத்தான் முதலில் படிப்பான். கடைசி வரி இப்படி இருந்தது: சம்பவம் நடந்த மாநிலம், மிச்சிகன். வழங்கப்படும் பங்கு, பத்தில் ஒன்று.

அவனுக்கும் அதே. தம்பி வெஸ்லிக்கும் அதே.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முந்தைய கதை. ஆற்றோரத்துச் சிறுவர் முகாமில் ஹாஸ்கின்ஸ் என்றொரு மேற்பார்வையாளன் இருந்தான். பையன்களிடம் அவன் செய்ததெல்லாம் வெளியே வந்தபோது அவன் உயிரோடு இல்லை. தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்திருந்தான், சுகமாக. முகாமை நடத்திய சங்கம் திவால் மனு போட்டது. இருந்த சொத்தை விற்று ஓர் அறக்கட்டளையில் போட்டார்கள். யாருக்கு எவ்வளவு என்று இப்போது அந்த அறக்கட்டளை மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தது. எத்தனை தடவை, எந்த வயதில், எந்த மாநிலத்தில் என்று.

மூன்றாவதில்தான் இடித்தது. வக்கீல் ஆபீஸில் டெனிஸ் என்ற பெண் போனில் பொறுமையாக விளக்கினாள். ஆறுதான் மாநில எல்லை. கிழக்கே இந்தக் கரை மிச்சிகன், மேற்கே அந்தக் கரை விஸ்கான்சின். இந்தக் கரையில் நடந்தது காலாவதி ஆகிவிட்டதாக அறக்கட்டளை எடுத்துக்கொள்கிறது, அதனால் பத்தில் ஒன்று. அந்தக் கரையில் நடந்திருந்தால் முழுசு. முகாமுக்குப் போய்வந்த அத்தனை பேரும் படிவத்தில் இந்தக் கரையைத்தான் எழுதியிருந்தார்கள். தபால் ஆபீஸ் இந்தக் கரையில்தானே இருந்தது? வீட்டுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் அந்த முகவரிதான். பையன்கள் அதை மனப்பாடம் செய்திருந்தார்கள்.

"மேல்முறையீட்டுக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் சார் டைம்" என்றாள் டெனிஸ். "வேற ஏதாச்சும் ஆதாரம் இருந்தா மட்டும் அனுப்புங்க. வருத்தமா எழுதி அனுப்பாதீங்க. அதுக்கு மார்க் இல்ல."

அன்று செவ்வாய்.

ஆர்னி தம்பியின் டிரெய்லர் வீட்டுக்குப் போனபோது வெஸ்லி இறைச்சி அடைத்த பாஸ்ட்டி தின்றுகொண்டிருந்தான். கடிதத்தை வாங்கி, கெச்சப் பட்ட விரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்தான்.

"பத்துல ஒண்ணா? அப்ப பத்துல ஒண்ணுதான் நடந்துச்சாண்ணே? மீதி ஒம்போது நானா இட்டுக்கட்டினதா?"

வெஸ்லிக்கு ஐம்பத்தைந்து வயது. எந்த வேலையிலும் இரண்டு குளிர்காலத்துக்கு மேல் நின்றதில்லை, எந்தப் பெண்ணும் அதற்கு மேல் அவனிடம் நின்றதில்லை. பின்லாந்திலிருந்து வந்தவர்கள் நிறைந்த அந்த ஊரில் சவ்னா இல்லாத வீடு கிடையாது. சனிக்கிழமை ஆனால் அடுப்பில் கல் பழுக்கும், தண்ணீர் ஊற்றினால் ஆவி எழும், குடும்பமே வேர்த்துக் குளிக்கும். வெஸ்லியின் இடத்தில் மட்டும் அது கிடையாது. அவன் சவ்னாவுக்குள் கால் வைத்தே நாற்பத்தைந்து வருடம். பின்லாந்துக்காரனுக்குப் பிறந்தவன்தானா என்று சாராயக் கடையில் கிண்டல் செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

சுவரில் ஒரே ஒரு படம் மாட்டியிருந்தது. ஆர்னி ஆயிரம் தடவை பார்த்த படம். உறைந்த ஆறு. ஒரு டிராக்டர். பின்னால், இரண்டு மரச்சட்டங்கள் மேல் ஏற்றிக் கட்டிய ஒரு மரக்குடில். ஓட்டுகிற அப்பாவின் மடியில் சின்னப் பையனாக வெஸ்லி, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, முன்பல் இல்லாமல் சிரிக்கிறான். அவன் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அதுதான் என்று குடித்தால் சொல்வான், குடிக்காவிட்டாலும் சொல்வான்.

ஆயிரத்து ஒன்றாவது தடவை பார்த்தபோதுதான் ஆர்னி படத்துக்குக் கிட்டப் போனான்.

அந்தக் குடில் முகாமின் சவ்னா. ஹாஸ்கின்ஸ் பையன்களைக் கூட்டிப்போனது அதற்குள்தான். ஆற்றைத் தாண்டி அந்தக் கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

ஆர்னிக்கு நடந்தது 1978 கோடையில். அப்போது சவ்னா இந்தக் கரையில், சமையல் கட்டுக்குப் பக்கத்தில். வெஸ்லி முகாமுக்குப் போனது அடுத்த கோடை. இடையில் வந்த குளிர்காலத்தில்தான் இழுத்தார்கள் என்றால் வெஸ்லிக்கு முழுப் பங்கு. ஆர்னி பத்தில் ஒன்றோடு நிற்க வேண்டியதுதான், அது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. தம்பிக்காவது நியாயமாகக் கிடைக்கட்டும். ஆனால் படத்தில் தேதி இல்லை. எந்த வருடம் என்று வெஸ்லிக்கும் தெரியவில்லை. பல் விழுந்த வருடம் என்றான்.

அடுத்த நாள் ஆர்னி முதியோர் விடுதிக்குப் போனான்.

அப்பா உர்ஹோ கங்காஸுக்கு எண்பத்தாறு. கால் போய்விட்டது, நினைவு போகவில்லை. ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து, பனி வழிக்கும் வண்டிக்காரனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தோறும் வெஸ்லி வந்து அவருக்கு முகம் மழித்துவிடுவான். விடுதிப் பெண்கள் கையை வைக்க அவர் விடமாட்டார்.

ஆர்னி படத்தை நீட்டி, எந்த வருடம் என்று கேட்டான்.

"எழுபத்தொம்போது. பிப்ரவரி." அவர் யோசிக்கவே இல்லை. "பனி ரெண்டடி கனம். ஓட்டை போட்டு அளந்துட்டுத்தான் வண்டிய இறக்கினேன்."

அறக்கட்டளைக்கு அது போதாது, எழுத்தில் வேண்டும் என்றான் ஆர்னி. அலமாரியின் அடித்தட்டில் பழைய காபி டப்பா இருக்கிறது, எடு என்றார் அப்பா. உள்ளே டிராக்டர் பத்திரம், அம்மாவின் மோதிரம், அதற்கடியில் நாலாக மடித்த ஒரு தாள். சங்கத்தின் பைன் மர முத்திரை, செயலாளர் கையெழுத்து. தேதி, 1979 பிப்ரவரி 17.

ஆர்னி தேதியை மட்டும் இரண்டு தடவை பார்த்துச் சந்தோஷப்பட்டான். அப்புறம் படித்தான்.

முகாமின் சவ்னாவை மேற்குக் கரைக்கு இழுத்து நிறுத்திக் கொடுத்ததற்குக் கூலியாக, திரு. உர்ஹோ கங்காஸின் இளைய மகன் வெஸ்லிக்கு வரும் கோடை முழுவதும் முகாமில் கட்டணமில்லாத இடம்.

திரும்பவும் படித்தான். எழுத்து மாறவில்லை.

"எதுக்கு நகர்த்தினீங்க?" என்று கேட்டான்.

அப்பா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார். "நீதானே வந்து சொன்ன. முகாம் முடிஞ்சு வந்த அன்னைக்கு, மரக்கொட்டாயில வெச்சு."

சொன்னது ஆர்னிக்கு ஞாபகம் இருந்தது. பன்னிரண்டு வயதில் பாதிச் சொல்லும் பாதி அழுகையுமாகச் சொன்னான். அப்பா கோடரியை வைத்துவிட்டு உள்ளே போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. அப்பா நம்பவில்லை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தான். நம்பவில்லை என்பதற்காக அவரை மன்னித்தும் விட்டிருந்தான்.

"நீங்க நம்பலன்னு நெனச்சேன்."

"நம்பாமலா வேலை மெனக்கெட்டு இழுப்பேன்? சங்கத்துல போய்ச் சொன்னேன். சமையல்கட்டுப் பொம்பளைங்க காதுல ஏற்கெனவே விழுந்திருக்கு, கொஞ்சம் தள்ளி வெச்சா பேச்சு நின்னுரும்னாங்க." தாடையைச் சொறிந்துகொண்டார். "நின்னுச்சு."

"வெஸ்லிய அனுப்பினீங்களேப்பா."

"கூலிய விடச் சொல்றியா? அந்த வருஷம் மில்லு மூடியிருந்துச்சு. அவனும் போறேன் போறேன்னு குதிச்சான்."

தாளை ஏன் இத்தனை வருடம் வைத்திருந்தீர்கள் என்று கேட்க நினைத்தான் ஆர்னி. கேட்கவில்லை. அப்பா எந்தச் சீட்டையும் தூக்கி எறிகிறவர் இல்லை.

வியாழன் முழுவதும் ஆர்னி ஒரு பேருந்துக்கு அடியில் படுத்து, கையில் ஸ்பேனரோடு சும்மா இருந்தான். தாளை அனுப்பினால் தம்பிக்கு முழுப் பங்கு. மறைத்தால் தம்பிக்கு அப்பா. அந்த இரண்டையும் சேர்த்து அவனுக்குக் கொடுக்க வழி இருக்கிறதா என்று டெனிஸிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தான். மனுதாரர் ஒவ்வொரு தாளையும் படித்து, ஓரத்தில் நீல மையில் சுருக்கொப்பம் போட வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லிவிட்டாள்.

படித்து என்பதுதான் இடித்தது. ஆனால் வெஸ்லி எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவன். அப்படித்தான் இரண்டு வண்டிகளை இழந்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் ஆர்னி முப்பத்தோரு தாள்களை அடுக்கிக்கொண்டு போனான். அந்தத் தாளின் நகல் இருபத்தாறாவது. மேலேயும் கீழேயும் வரைபடங்கள்.

வெஸ்லி போட்டுக்கொண்டே போனான். எட்டாவது தாளில் பேனா எழுதவில்லை என்று உதறினான். பதினைந்தாவதில், காசு வந்ததும் உனக்கு ஒரு நல்ல பல்செட் வாங்கித் தருகிறேன் என்று அண்ணனைக் கிண்டல் செய்தான். இருபது. இருபத்தைந்து. ஆர்னி பக்கத்தைத் தானே புரட்டிக் கொடுத்தான், கொஞ்சம் வேகமாக.

அந்த வேகம்தான் காட்டிக்கொடுத்தது.

வெஸ்லி தாளைத் தன் பக்கம் இழுத்தான். பைன் மர முத்திரையைப் பார்த்தான். அதில் தன் பெயரைப் பார்த்தான். அவனுக்கு வாசிப்பு வராது என்று ஊரில் சொல்வார்கள். எல்லா வரியையும் வாசித்தான்.

ஆர்னி எல்லாவற்றையும் சொன்னான். மரக்கொட்டகை, அப்பாவிடம் சொன்னது, சங்கம், பேச்சு நின்றது, எல்லாம். வெஸ்லி சுவரில் இருந்த படத்தைப் பார்க்கவில்லை. பேனாவை எடுத்து, ஓரத்தில் நிதானமாகச் சுருக்கொப்பம் போட்டான். மீதி ஐந்து தாளிலும் போட்டான். அடுக்கித் தட்டி, அண்ணன் கையில் கொடுத்தான்.

"அப்பாகிட்ட சொன்ன" என்றான். "எங்கிட்ட ஏன்ணே சொல்லல? ஒரே ரூம்லதானே படுத்திருந்தோம். ஒரு குளிர்காலம் முழுக்க."

ஆர்னி கடிகாரத்தைப் பார்த்தான். மணி மூன்றேகால். காகிதத்தை அனுப்ப நூலகத்துக்கு ஓட வேண்டும். ஓடினான். நாலு நாற்பதுக்குக் கிடைத்துவிட்டது என்று டெனிஸ் பதில் அனுப்பினாள். இந்த மாதிரி ஆதாரம் லட்சத்தில் ஒருத்தருக்குத்தான் கிடைக்கும், உங்கள் தம்பி அதிர்ஷ்டக்காரர் என்றும் எழுதியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆர்னிக்கு விடுதியின் ஞாபகம் வந்தது. கூடவே அப்பாவின் சவரக்கத்தியும். விரித்து மடக்குகிற பழைய ரகம், அது இல்லாமல் அவர் முகத்தைக் காட்டமாட்டார். ஆர்னி கோட்டைக்கூட மாட்டாமல் வண்டியை எடுத்தான்.

வெஸ்லியின் வண்டி அங்கே நின்றிருந்தது. வராந்தாவில் ஓடி, கதவைத் திறந்தான்.

வெஸ்லி அப்பாவின் தலையை இடக்கையால் தாங்கிப் பிடித்திருந்தான். கத்தி தொண்டைக்குழிக்குப் பக்கத்தில், நுரைக்குள் இருந்தது. அப்பா கண்ணை மூடி, கழுத்தை நன்றாக நீட்டிக் கொடுத்திருந்தார். நாற்பத்தைந்து வருடத்தில் வேறு யாரிடமும் அவர் இப்படிக் கழுத்தை நீட்டியதில்லை.

கத்தி மேலே ஏறியது. மெதுவாக, ஒரு கீறல் இல்லாமல், இடக்கன்னம் முழுவதும் சுத்தமானது.

வெஸ்லி கத்தியைத் துடைத்தான், மடக்கினான், மேஜையில் வைத்தான். கோட்டை மாட்டிக்கொண்டு அண்ணனைத் தாண்டி வெளியே போனான். அவனைப் பார்க்கவும் இல்லை, இடிக்கவும் இல்லை.

வலக்கன்னத்தில் நுரை காய ஆரம்பித்தது. அப்பா கண்ணைத் திறந்தார்.

"எங்கடா போனான்? பாதியில விட்டுட்டு." பிறகு வாசலில் நின்ற மூத்தவனைப் பார்த்தார். "சரி, நீ வா. மீதிய நீ முடி."

ஆர்னி உள்ளே வந்தான். கிண்ணத்தை எடுத்தான். வெந்நீர் இன்னும் சூடாகத்தான் இருந்தது, லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. அதைத் தொட்டியில் கொட்டி, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பினான்.

அப்பா கழுத்தை நீட்டியபடியே காத்திருந்தார்.