எழுபது மில்லிவோல்ட்

மருந்து டப்பாவைப் பிரித்து, அதன் உள்பக்கத்து வெள்ளை அட்டையில் அக்கா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தம்பி படுத்திருந்தான். மாடிப்படியில் வழுக்கி விழுந்தவன், இப்போது இயந்திரம் விடும் மூச்சைத்தான் விட்டுக்கொண்டிருந்தான். மூளை செத்துவிட்டது, இரண்டு தடவை சோதித்தாயிற்று, நிறுத்திவிடலாமா என்று டாக்டர் கேட்டுவிட்டுப் போயிருந்தார். அம்மா மசியவில்லை.

“மூளையில கரண்ட் இல்லன்னுதானே சொல்றாரு? எவ்வளவு கரண்ட் வேணுமாம்? நீ பிஸிக்ஸ் டீச்சர்தானே, போட்டுச் சொல்லு. நீ சொன்னா நம்புறேன்.”

அம்மா பிடித்தால் உடும்புப்பிடி. அக்காவுக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை, மரத்துப்போயிருந்தாள். கணக்கு மட்டும் கைக்கு வந்தது. நரம்புச் செல்லின் சவ்வு ஒரு குட்டி மின்தேக்கி. அதன் இரண்டு பக்கத்துக்கும் இடையே எழுபது மில்லிவோல்ட். அதை வர்க்கமாக்கி, மின்தேக்குத் திறனால் பெருக்கி, பாதியாக்கினால் அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் வந்துவிடும். வருஷா வருஷம் கரும்பலகையில் போடுவதுதான். விடை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இவ்வளவா? இத்தனையும் அப்படிச் சட்டென்று போய்விடுமா என்ன?

அம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள். “நிறைய வருதா?”

அப்போதுதான் உறைத்தது. மில்லிவோல்ட்டை வோல்ட்டாக மாற்றவில்லை. இந்தப் பிழைக்குத்தான் வகுப்பில் பிள்ளைகளை வறுத்தெடுப்பாள். அதனாலேயே பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ‘மில்லி மிஸ்’ என்று பட்டப்பெயர். அவளிடமே படித்த இந்தத் தம்பிதான் வைத்தான். விடை பத்து லட்சம் மடங்கு ஊதிப்போயிருந்தது.

“தப்பாப் போட்டுட்டேன்மா. ரொம்பக் கொஞ்சம்தான். ஒரு நகத்தளவு சவ்வுல இருக்கறதை வச்சு ஒரு கடுகை ஒரு முடியோட தடிமன் உயரத்துக்குத் தூக்கலாம். அவ்வளவுதான்.”

அம்மா அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதுகூடவா இல்ல இவன்கிட்ட?”

“இல்லம்மா.”

சொன்ன பிறகு அக்காவுக்குத் தன் வாயின் மேலேயே வெறுப்பு வந்தது. அம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“சரி. டாக்டரைக் கூப்பிடு.”

இயந்திரம் நின்றதும் அறையில் சத்தமே இல்லை. அம்மா அவன் உள்ளங்கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“இன்னும் சூடாத்தான் இருக்கான், பாரு.”

உடம்புச் சூடு எவ்வளவு நேரத்தில் தணியும் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. அக்கா அதைப் போடவில்லை. கட்டிலைச் சுற்றிக்கொண்டு போய், போர்வைக்குள் கைவிட்டு, அவனுடைய இன்னொரு கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.