பதிலுக்கு விட்ட இடம்

கோதுமை நொய்க் குஸ்குஸை மூன்றாம் முறையும் ஆவியில் வேகவைத்து இறக்கிவிட்டேன். இனி ஏற்றினால் குழைந்துவிடும். டர்னிப்பும் பூசணியும் வெந்து, ஊர் ஆண்பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து தின்கிற அளவுக்கு மரத்தட்டுகள் நிரம்பியிருந்தன. வாசலில் ஒரு செருப்புச் சத்தம் இல்லை.

திவிஸிக்குக் கூப்பிட்டிருந்தேன். ஒரு வீட்டு வேலைக்கு ஊரே கைகொடுப்பது; கூலி கிடையாது, சாப்பாடு உண்டு. என் வீட்டுக்காரர் மோஹா உயிரோடு இருந்தவரை அவர் போகாத திவிஸி இல்லை. போன குளிர்காலப் பனியின் பாரத்தில் என் கூரை இறங்கிவிட்டது. கொத்தனாரை வைத்து உத்திரம் ஏற்றி, நாணலும் பரப்பியாயிற்று. அதன்மேல் மண் போட்டு மிதிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆட்கள் சேர்ந்தால் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். மழை முந்திக்கொண்டால் மண்சுவர் கரைந்து வீடே உட்கார்ந்துவிடும். பிறகு கொழுந்தன் பாஸூ வீட்டில் ஒரு மூலைதான் எனக்கு. அவனுக்கு என் மேல் கரிசனம் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் பின்னால் நிற்கும் அக்ரூட் மரங்கள் மேல்தான் கண்.

வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டபோது எல்லாரும் இறைவன் நாடினால் வருகிறோம் என்றார்கள். மகராசன்கள்! வராமல் இருப்பதற்கும் அவனைத்தான் முன்னே தள்ளுகிறார்கள். ஊர் ஆப்பிள் முழுக்கப் பாஸூவின் லாரியில்தான் சந்தைக்குப் போகிறது; அவனைப் பகைத்துக்கொண்டு யார் வருவார்கள்? இது தெரிந்தும் ஆசை ஆசையாய்ச் சமைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

பக்கத்து வீட்டு ரக்குஷ் மட்டும் வந்தாள், பின்பக்கமாக. ஒரு மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, தன் புருஷன் சந்தைக்குப் போயிருப்பதாகச் சொல்லி, என் முகத்தைப் பார்க்காமலே திரும்பினாள். அந்தப் புருஷன் அவர்கள் வீட்டுக் கூரைமேல் நிற்பது இங்கிருந்தே தெரிந்தது.

நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பாஸூவே வந்தான். மரியாதைக்காரன், அதில் குறை சொல்லக்கூடாது.

"எதுக்கு அண்ணி இந்தப் பாடு? நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. உங்களுக்குன்னு யாரு இருக்கா?"

பிள்ளைகுட்டி இல்லை. உடன்பிறந்தவர்கள் மலைக்கு அப்பால். அவன் கேட்டதில் பொய் ஒன்றும் இல்லையே.

"சாப்பிட்டுப் போ," என்றேன். "நிறையக் கிடக்கு."

சாப்பிட்டான். நன்றாகவே சாப்பிட்டான். கை கழுவத் தண்ணீர் ஊற்றினேன். மேற்கே பார்த்து, சாயங்காலம் கொட்டிவிடும் என்றான்.

"கொட்டட்டும். பெய்ய வைக்கிறவன்கிட்டதான் பேசிக்கிட்டிருக்கேன் பாஸூ. உன்கிட்ட இல்லை."

அவன் போனதும் முந்தியைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினேன். ஒரு கூடை மண், கொட்டிவிட்டு இறங்கு, இன்னொரு கூடை. ஒரு பாய் அளவுக்கு மூடுவதற்குள் முதுகு விட்டுப்போயிற்று. மிதிப்பதற்குப் பாட்டு வேண்டும். திவிஸியில் ஒருவர் கேட்பார், நமக்கு யார் இருக்கா என்று. பாஸூ கேட்ட அதே கேள்விதான். கூட்டம் முழுக்க, இறைவன் இருக்கான் என்று கத்திக்கொண்டே காலைப் போடும். கேட்டவரே பதிலும் சொல்லிக்கொள்கிற வழக்கம் எங்களிடம் இல்லை.

எத்தனை வருஷம் கூட்டத்தோடு நின்று கத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் இறைவனையா நம்பினேன்? பக்கத்தில் கத்தியவர்களைத்தான் நம்பியிருக்கிறேன்.

"நமக்கு யாரு இருக்கா?"

என் குரல் எனக்கே கூச்சமாக இருந்தது. பதிலுக்கு உள்ள இடத்தை அப்படியே விட்டுவிட்டுக் காலைப் போட்டேன். எதிர்வீடுகளில் ஆப்பிள் பெட்டி அடித்துக்கொண்டிருந்த சுத்தியல் சத்தம் நின்றது. மறுபடி கேட்டேன். முதல் துளி புறங்கையில் விழுந்தது. இறங்கிப்போய் அடுத்த கூடையைத் தூக்கிவந்து கொட்டினேன். இன்னொரு தரம் கேட்டுவிட்டு, ஒரு காலைத் தூக்கியபடி, பதில் வரும் நேரம் வரைக்கும் நின்றேன்.