செஸ்ட் நம்பர் பதினேழு

விமானப்படைக்கு விண்ணப்பம் போட்டிருப்பதாக பாமா சொன்னபோது அவள் அம்மா அம்புஜம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆபீஸ் வேலையா?"

"இல்லம்மா. பைலட்டு."

அம்புஜம் கழுநீரை மெதுவாக வடித்தாள். அப்புறம்தான் மகளைப் பார்த்தாள். "பைலட்டுன்னா, ஓட்டறதா?"

"ஆமா. பொம்பளைங்களையும் இப்ப எடுக்கறாங்க. இப்பவே அஞ்சாறு பேர் ஓட்டறாங்களாம்."

அந்த வருஷம் 1997. பெங்களூர் ஈஜிபுராவில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மேலாகத்தான் ஏர்போர்ட்டில் இறங்குகிற விமானங்கள் போகும். கூரைத் தகரம் அதிரும்போது தெருவே பேச்சை நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதை ஓட்டுகிறவர் என்று ஒருவர் உண்டு என்பதையே அம்புஜம் அன்றுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

"மேல போனப்புறம் பயமா இருந்துச்சுன்னா யாருகிட்ட சொல்லுவே?" என்று கேட்டாள்.

பாமாவுக்கு இருபத்திரண்டு வயது. பி.எஸ்ஸி. இயற்பியலில் முதல் வகுப்பு. படிப்பு முடிந்து ஒரு வருஷமாக ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். வெல்டிங் வேலை பார்த்த அப்பாவுக்குக் கண் போய்விட்டதால் வேறு வழியில்லை. விளம்பரத்தை நூலகத்தில் பார்த்து, உயரம், வயது, படிப்பு மூன்றும் தனக்குப் பொருந்துவதை இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் விண்ணப்பம் எழுதினாள். தொழில் என்ற கட்டத்தில் மட்டும் 'இல்லை' என்று போட்டாள். பைலட் வேலைக்குக் கேட்கிறவள் டெய்லர் என்று எழுதினால் சிரிப்பார்கள் என்று பட்டது.

மைசூரில் தேர்வு, ஐந்து நாள் என்று கடிதம் வந்தது. சூப்பர்வைசர் கிருஷ்ணப்பாவிடம் சொந்தக்காரர் கல்யாணம் என்று சொல்லி லீவு வாங்கினாள்.

மைசூர் முகாமில் எண்பத்து நான்கு பெண்கள் வந்திருந்தார்கள். பாமா தன் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேராடூனிலிருந்து வந்தவள் ஒருத்தி, குதிரையேற்றத்தில் பதக்கம் வாங்கியவள். இரண்டு பேர் பாராசூட்டில் குதித்தவர்கள். எல்லோருக்கும் இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடாக இருந்தது. இப்படிப்பட்ட பெண்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது. பொறாமை வரவில்லை. திருவிழாவில் தேரைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

ஆளுக்கொரு எண் எழுதிய துணியைக் கொடுத்து மார்பிலும் முதுகிலும் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். இனி பெயர் கிடையாது, எண்தான். பாமா செஸ்ட் நம்பர் பதினேழு. பதினெட்டு, பெங்களூர் ஜெயநகரிலிருந்து வந்த மமதா. ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவரின் மகள், நெடுநெடுவென்று உயரம். இன்ஜின் இல்லாத கிளைடர் விமானத்தில் முப்பது மணிநேரம் பறந்திருக்கிறாள்.

"நிஜமாவா? தனியாவா?" என்று பாமா கன்னடத்தில் கேட்டாள்.

"கடைசி ரெண்டு மணிநேரம் தனியா."

"எப்படி இருந்துச்சு?"

மமதா யோசித்தாள். "காத்து சத்தம் மட்டும்தான் கணே. வேற ஒண்ணுமே இல்ல" என்றாள். முதல் நாளே 'கணே' என்று, தோழியை அழைக்கிற கன்னடச் சொல்லால் அழைத்தாள்.

முதல்நாள் சாயங்காலமே வடிகட்டிவிட்டார்கள். எண்பத்து நான்கில் தேறிய இருபத்தாறு எண்களைப் படித்தார்கள். மற்றவர்களை பஸ்ஸில் ஏற்றி ரயில் நிலையத்துக்கு அனுப்பினார்கள். பதக்கம் வாங்கிய குதிரைக்காரியும் அந்த பஸ்ஸில் போனாள். தன் எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டார்களோ என்று பாமா ராத்திரி சாப்பாடு வரைக்கும் பயந்தாள்.

மூன்றாம் நாள் நேர்முகம். மேஜைக்கு அந்தப் பக்கம் நரைத்த மீசையோடு ஒரு மூத்த அதிகாரி, குரூப் கேப்டன். நெஞ்சில் விமானிகளுக்கான இறக்கைச் சின்னம் தைத்திருந்தது. அவர் வீட்டைப் பற்றி, கல்லூரியைப் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு அவள் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"படிப்பு முடிந்து பதினான்கு மாதம் ஆகிறது. இதுவரை என்ன செய்தீர்கள்?"

போட்டித் தேர்வுகளுக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன் என்று சொல்ல மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். முதல் இரண்டு வார்த்தை வந்தது. அவர் அவளையே பார்த்தார். கோபமாகவோ சந்தேகமாகவோ இல்லை, சும்மா காத்திருக்கிற பார்வை. மூன்றாவது வார்த்தை வரவில்லை.

"சார், நான் எழுதினது பொய். கார்மெண்ட்ஸில் டெய்லராக இருக்கிறேன்."

அவர் விண்ணப்பத்தை அவள் பக்கம் நகர்த்தி, தன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மேலே வைத்தார். "திருத்துங்கள்."

அடித்துவிட்டு 'டெய்லர்' என்று எழுதினாள். எல்லாம் முடிந்தது, ராத்திரி ரயிலுக்கே போய்விடலாம் என்று நினைத்தாள்.

"என்ன தைக்கிறீர்கள்?"

"காலர் சார். மணிக்கு அறுபது."

"வரிசையில் எத்தனை மெஷின்?"

"நாற்பத்திரண்டு."

"உங்கள் மெஷின் பழுதாகி நின்றால் என்ன ஆகும்?"

இந்தக் கேள்விக்கு இங்கிலீஷ் தானாகவே வந்தது. "உடனே யாருக்கும் தெரியாது சார். எனக்கு அடுத்தவரிடம் பன்னிரண்டு நிமிஷத்துக்கான காலர் இருக்கும். அது தீர்ந்த பிறகுதான் ஒவ்வொரு மெஷினாக நிற்கும். அந்தப் பன்னிரண்டு நிமிஷம்தான் என் கையில் இருக்கிற நேரம்."

"அதில் என்ன செய்வீர்கள்?"

"ஊசியா, நூலா, பெல்ட்டா என்று வரிசையாகப் பார்ப்பேன். இரண்டு நிமிஷத்தில் புரியவில்லையென்றால் கையைத் தூக்கிவிடுவேன். சில பேர் திட்டுக்குப் பயந்து மறைப்பார்கள். மறைத்தால் கடைசி மெஷினில் இருக்கிறவர் தன் தப்பே இல்லாமல் மாட்டிக்கொள்வார்."

"நீங்கள் மறைத்ததே இல்லையா?"

"ஒரு தடவை மறைத்தேன் சார். கடைசி மெஷினில் இருந்த அக்காவுக்கு அன்றைக்கு அரை நாள் சம்பளம் போய்விட்டது. அப்புறம் மறைக்கவில்லை."

குரூப் கேப்டன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அப்புறம் இருபத்தைந்து நிமிஷம் அந்தத் தையல் வரிசையைப் பற்றியே கேட்டார். இரைச்சலில் ஒருவருக்கொருவர் எப்படிச் சைகை செய்வீர்கள், சாப்பாட்டுக்குப் பின் தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள், ஊசி விரலில் ஏறினால் முதலில் பெடலில் இருக்கிற கால் என்ன செய்யும். கேட்டதையெல்லாம் குறித்துக்கொண்டார். பதினான்கு மாதமாக யாரிடமும் சொல்லக் கூசிய வேலையை, வானத்தில் பறந்த ஒரு மனிதர் இவ்வளவு அக்கறையாகக் கேட்டுக்கொள்கிறாரே என்று அவளுக்கு மலைப்பாக இருந்தது.

ஐந்தாம் நாள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதினேழும் பதினெட்டும் அதில் இருந்தார்கள். ஆனால் விமானியாவதற்கு இன்னொரு சோதனை பாக்கி. அதை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் செய்ய முடியும். தோற்றால் மறுபடி வாய்ப்பே கிடையாது.

ஒரு கூண்டில் உட்கார வைத்தார்கள். கைக்கு ஒரு தடி, காலுக்கு இரண்டு பெடல். எதிரே திரையில் ஒரு வெளிச்சப் புள்ளி. அது ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் உள்ள கட்டத்தை விட்டு வெளியே போகாமல் பிடித்து வைக்க வேண்டும். இடையில் சிவப்பு விளக்கு எரிந்தால் இடது கையால் அணைக்க வேண்டும்.

முதல் நிமிஷம் புள்ளி அவளை இழுத்தடித்தது. துரத்தத் துரத்த எகிறியது. அப்புறம் என்ன நடந்தது என்று அவளால் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. துரத்துவதை விட்டுவிட்டாள். எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கால் பார்த்துக்கொண்டது, கை தன்பாட்டுக்கு நகர்ந்தது, புள்ளி வந்து கட்டத்துக்குள் நின்றது. தன் உடம்பு தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்திருக்கிறது என்று தோன்றி மயிர்க்கூச்செறிந்தது. மணி அடித்தபோதுதான் மூச்சு விட்டாள்.

தேறியவர்கள் மூன்று பேர். பாமா, மமதா, ஹைதராபாத் பெண் ஒருத்தி.

அடுத்தது மருத்துவப் பரிசோதனை, அது பெங்களூரிலேயே. ஏர்போர்ட் ரோட்டில் இருந்த விமானப்படை மருத்துவ வளாகத்தின் மதிலைப் பாமா பஸ்ஸிலிருந்து நூறு தடவை பார்த்திருக்கிறாள். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. இப்போது தினமும் காலை ஏழு மணிக்கு அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போனாள். கண், காது, ரத்தம், இதயம், மூளை என்று ஒன்றுவிடாமல் பார்த்தார்கள். கண் தெரியாத அப்பா சுந்தரமூர்த்தி ஒவ்வொரு சாயங்காலமும் வாசலில் உட்கார்ந்து, "இன்னிக்கு எதைப் பாத்தாங்க?" என்று கேட்பார்.

நான்காம் நாள் அளவெடுத்தார்கள். சுவரோடு முதுகு ஒட்ட உட்கார்ந்து காலை நீட்ட வேண்டும். தொண்ணூற்றொன்பது சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பெடல் எட்டாது. பாமாவுக்குத் தொண்ணூற்றொன்பதரை. அரை சென்டிமீட்டரில் பிழைத்தாள்.

மமதாவுக்குக் காலில் குறையில்லை, தொடையில் தகராறு வந்தது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை அறுபத்து நான்கைத் தாண்டக் கூடாது, அவளுக்கு அறுபத்தைந்தேகால். டாக்டர் மூன்று தடவை அளந்தார். நான்காவதாக வேறொரு டாக்டரை வரவழைத்து அளக்கச் சொன்னார். நம்பர் மாறவில்லை.

"பயிற்சி ஜெட்டில் ஆபத்து வந்தால் விமானியை இருக்கையோடு வெளியே வீசிவிடும்மா. உன் முழங்கால் எதிர்ப்பலகையில் மோதிப் போய்விடும்" என்றார் டாக்டர். அவருக்கே சங்கடமாக இருந்தது. "தரைப்பணிக்கு உன்னைத் தாராளமாக எடுப்பார்கள்."

மமதா தாழ்வாரத்தில் வந்து நின்றாள். பாமா பக்கத்தில் போய் நின்றாள். அந்தக் கட்டடத்தின் கோடியில் ஒரு பெரிய உருண்டை அறை. கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. அங்கே இருந்த டெக்னீஷியன் இரண்டு பெண்களின் முகத்தையும் பார்த்துவிட்டு, "சத்தம் போடாம நின்னு பாருங்க" என்றார்.

அறை நடுவில் ராட்சச இரும்புக் கை ஒன்று, அதன் நுனியில் ஒரு கூண்டு, கூண்டுக்குள் ஒரு விமானி. கை சுற்ற ஆரம்பித்தது. முதலில் மெதுவாக, பிறகு கண் தொடர முடியாத வேகத்தில். தரை லேசாக அதிர்ந்தது. பக்கத்தில் இருந்த சின்னத் திரையில் அவர் முகம் தெரிந்தது. கன்னம் கீழே வழிந்தது, கண் கீற்றாகச் சுருங்கியது, இளைஞன் முகம் நொடியில் கிழவன் முகமானது.

"இப்ப அவருக்குத் தன் உடம்பே ஆறு ஆள் கனம்" என்றார் டெக்னீஷியன் மெதுவாக.

அந்தக் கனத்திலும் கூண்டுக்குள் எரிந்த விளக்குகளை அவர் விரல் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டிருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. சுற்று நின்றது. அவர் இறங்கி, இரண்டு நிமிஷம் சுவரைப் பிடித்து நின்று, முகத்தைத் துடைத்துக்கொண்டு, டீ இருக்கிறதா என்று கேட்டார்.

கோயில் கர்ப்பகிருகத்துக்கு முன்னால்கூட இப்படி வாயடைத்து நின்றதில்லை பாமா.

மமதா கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டிருந்தாள். அழுதாளா என்று பாமா பார்க்கவில்லை. அவளே திரும்பினாள்.

"ஒண்ணேகால் சென்டிமீட்டர் கணே" என்றாள். "இந்த நேரம் உன்னைப் பிடிக்கலை எனக்கு. நாளைக்குப் பிடிக்கும்." வாசல் வரைக்கும் போனவள் திரும்பி வந்தாள். "சென்னாகி ஹாரு" என்றாள். நன்றாகப் பற என்று. அதைச் சொல்லத் திரும்பி வர எவ்வளவு பலம் வேண்டியிருந்திருக்கும் என்று பாமா பல வருஷம் நினைத்துப் பார்த்திருக்கிறாள்.

தகுதிப் பட்டியல் வர மூன்று மாதம் ஆனது. நாடு முழுவதற்கும் எட்டு இடம். பாமா ஏழாவது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கிருஷ்ணப்பாவிடம் போய், அன்றைக்குச் சொன்ன கல்யாணம் பொய் என்றாள். அவர் கடிதத்தை வாங்கி அசோகச் சின்னத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி சின்னத்தைப் பார்த்தார். பிறகு ஒரு வேலை செய்தார், அந்த ஃபேக்டரியில் யாரும் கண்டிராத வேலை. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டார். நாற்பத்திரண்டு மெஷினும் நின்ற நிசப்தத்தில், "நம்ம பாமா ஏர்ஃபோர்ஸ் பைலட்" என்றார். பெண்கள் எழுந்து வந்து அவள் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஜனவரியில் ஹைதராபாத் பக்கம் இருந்த அகாடமியில் சேர்ந்தாள். ஓட்டமும் அணிவகுப்பும் வகுப்புமாகச் சில மாதம். அப்புறம் ஒருநாள் காலை, சின்னப் பயிற்சி விமானத்தில் வாத்தியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கினாள். ஓடுபாதை தடதடத்தது. திடீரென்று தடதடப்பு நின்றது. விமானமே நின்றுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள், பிறகுதான் தரை இல்லை என்று புரிந்தது.

மூவாயிரம் அடியில் பாறைக்குன்றுகள் கூழாங்கற்களாகக் கிடந்தன. ஏரிகள் ஒவ்வொன்றும் சூரியனை ஒருமுறை காட்டிவிட்டு அணைந்தன. அடிவானம் தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் வளைந்து போனது. இவ்வளவு பெரியதா இது, இவ்வளவு நாளும் இதன் அடியிலா இருந்தோம் என்று நினைத்தபோது கண் நிறைந்துவிட்டது.

"யூ ஹேவ் கண்ட்ரோல்" என்றது காதில் வாத்தியாரின் குரல். அவர் இரண்டு கையையும் தடியிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

'ஐ ஹேவ் கண்ட்ரோல்' என்று பதில் சொல்ல வேண்டும், அதுதான் விதி. அவள் கண் அடிவானத்திலேயே இருந்தது. விமானத்தின் மூக்கு மெல்ல இடதுபக்கம் சரிந்தது.

"கேடட், காது கேட்கிறதா? யாரிடம் இருக்கிறது விமானம்?"

பாமா தடியைப் பிடித்தாள். விரலுக்குள் அது உயிருள்ள பிராணிபோல நெளிந்தது. மூக்கை நேராக்கினாள்.

"என்கிட்ட சார்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள்.