கொப்பரனுக்கு எடுத்த அளவு

எட்டடி இரண்டு அங்குலம் நீளமுள்ள கொப்பரன் மீன் ஒன்று, ஒரு புதன்கிழமை காலை பத்தேகால் மணிக்குத் துறைமுகத் தெருத் தையல்காரரிடம் அளவு கொடுத்தது. அன்று ஐஸ் விலை கொஞ்சம் இறங்கியிருந்தது, காற்றும் அதிகமில்லை. மீன் தண்ணீருக்கு மேல் இடுப்பளவு எழுந்து படகை ஒட்டி நேராக நின்றது. "கையைத் தூக்குங்க" என்றதும் இரண்டு துடுப்புகளையும் விரித்தது. சுற்றளவு எடுக்கும்போது மட்டும் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே தள்ளிக்கொண்டது. அளவு கொடுக்க வருகிற எல்லோரும் செய்கிற திருட்டுத்தனம்தான் என்பதால் தையல்காரர் இரண்டு அங்குலம் கூட்டி எழுதிக்கொண்டார். இதற்குப் படகோட்டி சாட்சி.

காரணம் ஒரு போட்டோ. தையல்காரர் மனைவியின் அண்ணன் ஐஸ் ஃபேக்டரி முதலாளி. எப்போதோ யாருடைய தூண்டிலிலோ ஐந்தடி மீன் ஒன்றைப் பிடித்து, அதோடு எடுத்துக்கொண்ட படத்தைச் சட்டம் போட்டுத் தங்கைக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். அது சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே தொங்கியது. மச்சான் வரும்போதெல்லாம் அந்தக் கதையை முதலிலிருந்து சொல்வார். சொல்லச் சொல்லப் படத்திலிருந்த மீன் வளர்ந்தது. பதினொரு வருஷத்தில் இரண்டு முறை சட்டத்தை மாற்ற வேண்டியதாயிற்று. மீன் ஏழடியைத் தொட்டு, வால் மச்சானின் முகத்தையே மறைக்கத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வாயைத் துடைத்துக்கொண்டே, "மாப்பிள்ளை, உங்களுக்கு ஊசியில நூல் கோக்கிறதுதான் சரி. தூண்டில் எல்லாம் வேற ஆளுங்களுக்கு" என்றார். தையல்காரருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ரோஷம் வந்ததோ, "வர்ற எங்க கல்யாண நாளுக்குள்ள இதைவிடப் பெரிய மீனோட என் படம் இந்தச் சுவத்துல ஏறும். ஏறலைன்னா கடையை இழுத்து மூடிட்டு உங்க ஃபேக்டரிக்கே வேலைக்கு வந்துடறேன்" என்று சொல்லித் தொலைத்தார். கல்யாண நாளுக்கு ஏழு வாரம் இருந்தது. மச்சான் மறுநாளே குளிர் அறைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு வைத்தார். இருபது வருஷமாகத் தன் கத்தரி, தன் மேசை என்று ராஜாவாக இருந்த மனுஷன், அந்த ஸ்டூல் கண்ணில் படாமலிருக்க ஃபேக்டரித் தெருவையே விட்டுச் சுற்றிப் போனார்.

தூண்டில் கடைக்காரம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை கிலோ மீனுக்கு?" என்பது. அவள் கண்ணாடி அலமாரியில் தங்க நிறத்தில் ஒரு ரீல் இருந்தது; அதன் விலைக்கு மூன்று தையல் மெஷின் வாங்கலாம். வசதியுள்ளவர்கள் யோசிக்காமல் அதை வாங்குவார்கள், ஒரு தரம் கடலுக்குப் போய்வந்து கழுவாமல் போட்டு வைப்பார்கள், உப்பு தின்றதும் அவளிடமே பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போவார்கள். தையல்காரருக்கோ அளவு தெரியாமல் எதையும் தொட்டுப் பழக்கமில்லை. "அளவு எடுத்துட்டு வந்துடறேன்மா" என்று கிளம்பியவர்தான், கழுத்தில் டேப்போடும் காதில் பென்சிலோடும் அந்தப் புதன்கிழமை படகேறினார். திரும்பி வந்து நோட்டை நீட்டியதும், கடைக்காரம்மா நீளத்தையும் சுற்றளவையும் பெருக்கி வகுத்து, லூஸ் விட்டதையும் சேர்த்து நூற்று முப்பது கிலோ என்றாள். பிறகு தங்க ரீலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடையின் பின்பக்கம் போனாள். கனமான, அழகில்லாத, ஆனால் முறியாத பழைய ஃபைபர் கழி ஒன்று. யாரோ விற்றுவிட்டுப் போன கறுப்பு ரீல் ஒன்று. "கழி பழசா இருக்கலாம், ரீல் பழசா இருக்கலாம். மீன் இழுக்கிறப்போ பிரேக் சீரா பிடிக்குதான்னு மட்டும் பாருங்க. ஆனா நரம்பும் கொக்கியும் புதுசுதான். அதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க." துணி எப்படி இருந்தாலும் நூல் நல்லதாக இருக்கவேண்டும் என்று தானே ஆயிரம் பேரிடம் சொன்னவர் என்பதால், தையல்காரர் நானூறு மீட்டர் நைலான் நரம்பு வாங்கினார். வீட்டில் மனைவி அந்த ரீலைப் பிரித்து, நல்ல தண்ணீரில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் போட்டாள். அண்ணன் பக்கமா புருஷன் பக்கமா என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணெய் மட்டும் தாராளமாகப் போட்டாள்.

இதற்கிடையில் ஒரு தவறு நடந்திருந்தது. அளவு எடுத்து முடித்ததும் தையல்காரர் வாய்ப்பழக்கத்தில் மீனிடம், "வெள்ளிக்கிழமை வாங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன வெள்ளிக்கிழமையில் எதையும் கொடுத்த சரித்திரம் அவருக்குக் கிடையாது. மீன் வந்தது. படகுத்துறையின் முனையில் பத்தேகாலுக்கு எழுந்து நின்றது. ரீலுக்கு ஸ்பிரிங் வரவில்லை. "அடுத்த வெள்ளி கண்டிப்பா" என்றார். அடுத்த வெள்ளி கைப்பிடி சரியில்லை, அதற்கடுத்த வெள்ளி கொக்கி சிறிதாகிவிட்டது. ஆறு வெள்ளிக்கிழமை மீன் வந்து, ஒரு மணி நேரம் நின்று, திரும்பிப் போனது. வலிய வந்து மாட்டப்போகிற மீன் என்று தையல்காரர் உள்ளூரச் சந்தோஷப்பட்டார்.

ஏழாவது வெள்ளி கல்யாண நாள். படகில் தையல்காரர், கேமராவோடு மனைவி, சிரிப்போடு மச்சான், படகோட்டி. இரை கோத்து வீசியதும் மீன் வந்தது. இரையை மூக்கால் ஒதுக்கிவிட்டு, இடுப்பளவு எழுந்து, துடுப்புகளை விரித்து நின்றது. மறுபடி வீசினார், அதுவே நடந்தது. மூன்றாம் முறை, கொக்கியை உதட்டால் பத்திரமாக எடுத்துப் படகுக்குள் வைத்துவிட்டு மறுபடி துடுப்பை விரித்தது. "ஸ்டூல் காத்துக்கிட்டிருக்கு மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

"அளவு எடுத்தீங்க, வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்க, ஏழு வாரம் இழுத்தடிச்சீங்க" என்றாள் மனைவி. "இன்னும் புரியலையா உங்களுக்கு? அது ட்ரயலுக்கு வந்திருக்கு."

தையல்காரருக்கு முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷத்தில் இவ்வளவு பொறுமையான வாடிக்கையாளரை அவர் பார்த்ததில்லை. அவரைப் போய்க் கொக்கியில் மாட்டப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. படகோட்டியிடம் குறடு வாங்கி, புதுக் கொக்கியை நெட்டையாக நிமிர்த்தினார். ஒரு முனையில் கூர், மறுமுனையில் காது: அருமையான ஊசி. அதில் புது நரம்பைக் கோத்தார். கழியை ஓரமாகச் சாத்தினார். ரீல் அளந்து அளந்து நூல் விட்டது, பிரேக் ஒரு இடத்திலும் உதறவில்லை. படகை மூடுகிற தார்ப்பாயை வெட்டி, முதுகுத் துடுப்புக்குத் திறப்பு விட்டு, கூட்டி எழுதிய இரண்டு அங்குலத்தை உள்தையலில் மடித்து வைத்து, ஒன்றரை மணிக்குள் கோட்டைத் தைத்து முடித்தார். மீன் போட்டுக்கொண்டு இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பித் தண்ணீரில் பார்த்துக்கொண்டது. தையல்காரரை அதன் பக்கத்தில் நிற்கச் சொல்லி மனைவி படம் எடுத்தாள்.

படம் சுவரில் ஏறியதும், பக்கத்துப் படத்திலிருந்த மீன் வாரம் ஓரங்குலமாகச் சுருங்கி ஐந்தடிக்கு வந்து நின்றது. மச்சானின் முகம் மறுபடி தெரிந்தது. ஸ்டூலில் இப்போது அவரே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். தூண்டில் கடைக்காரம்மா யார் வந்தாலும் முதலில் அளவு எடுத்துவரச் சொல்கிறாள். தங்க ரீல் இன்னும் விற்கவில்லை.

மறுவருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மீன் கோட்டோடு வந்தது. வயிற்றுப் பக்கம் பிடித்தது. அன்று மூச்சை இழுத்த விஷயத்தைத் தையல்காரர் சொல்லிக்காட்டவில்லை. உள்தையலைப் பிரித்துவிட்டால் போதும் என்று பார்த்துவிட்டு, "அடுத்த வெள்ளி வாங்க" என்றார். மீனுக்கு இதற்குள் தையல்காரர்களைப் பற்றித் தெரிந்துவிட்டிருந்தது. அது நகரவே இல்லை. அங்கேயே நின்று வாங்கிக்கொண்டுதான் போனது.