சொல்லிவிட்டுப் பாடுவது

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டார். காய்ந்த இலைக்கட்டை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது என்ன சார், கஷாயத்துக்கா?" என்று கேட்டார். அண்ணனைப் பார்க்க வந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் "ஆமா" என்றான். பொய் அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி வரும். பையில் இன்னும் ஒரு பெரிய இறகும் கையகலக் கொட்டு ஒன்றும் இருந்தன. நல்லவேளை, அவற்றைப் பற்றி அவர் கேட்கவில்லை.

நாலாவது மாடிக்குப் போகிற லிஃப்டில் கதவு மூடும்போது அடியில் எங்கோ உரசியது. அந்த உரசலைக் கேட்கிற சாக்கில் இரண்டு முறை மேலும் கீழும் போய் வந்தான். மூன்றாம் முறை ஏறிய ஓர் அம்மாள், "நீங்க எந்த மாடிதாம்ப்பா போகணும்?" என்று கேட்டபிறகு வேறு வழியில்லாமல் இறங்கினான். அண்ணனைப் பார்த்து எட்டு மாதமாகிறது. பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போன அன்று பார்த்ததுதான். அப்புறம் வேலை, வெளியூர், காய்ச்சல். காரணத்துக்கா பஞ்சம்? நிஜக் காரணம் ஒன்றுதான். அன்றைக்கு அண்ணன் வாயோரம் எச்சில் வழிய அவனைப் பார்த்து அழுதார். அதைத் தாங்காமல் ஓடிப்போனான், அவ்வளவுதான்.

ஓடிப்போனவன் சும்மாவாவது இருந்திருக்கலாம். நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் அவன் நோய் தீர்க்கிற வட்டம் என்று ஒன்று நடத்துகிறான். மலைக்காரர்களின் பாட்டு, மலைக்காரர்களின் கொட்டு, மலைக்காரர்களின் புகை. எல்லாம் ஏழு நாள் முகாமில் படித்தது. சொல்லிக்கொடுத்தவரும் மலைக்காரர் இல்லை, அவர் வேறொரு முகாமில் படித்தவர். முப்பது பேர் கண்ணை மூடிச் சுற்றி உட்காருவார்கள். அப்படி ஒரு ஞாயிறு, "தினமும் காலையில என் அண்ணன் பக்கத்துல உக்காந்து, கையைப் பிடிச்சுக்கிட்டு இந்தப் பாட்டைப் பாடறேன். நேத்து அவர் விரல் அசைஞ்சுது" என்று வாய் கூசாமல் சொன்னான். சொல்லும்போது அவனுக்கே அழுகை வந்தது. அழுகை வந்துவிட்டதால் அது உண்மை மாதிரியே இருந்தது. அடுத்த ஞாயிறு நாற்பது பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு அண்ணனின் விரல் வாராவாரம் கொஞ்சம் கூடுதலாக அசையத் தொடங்கியது.

போன வாரம் அண்ணனை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நேற்று அண்ணி போன் செய்து, "டாக்டர் கையை விரிச்சுட்டாரு. ஒரு தடவை வந்துட்டுப் போ" என்றாள். பாட்டு, கொட்டு என்று அவள் எதுவும் கேட்கவில்லை. பையை அவனாகத்தான் தூக்கி வந்தான். வெறுங்கையோடு அந்த அறைக்குள் நுழைய அவனுக்குத் தைரியமில்லை.

அண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஆள் பாதியாகியிருந்தார். கண் மட்டும் அதே கண், பின்கண்ணாடியில் டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்கிற கண். அண்ணி "வா" என்றாள். என்ன பேசுவது என்று தெரியாமல் அவன் இறகை எடுத்தான், அந்தக் கையகல மேளத்தை மடியில் வைத்து விரல் நுனியால் தட்டினான், பாடத் தொடங்கினான். ஹாலில் கணீரென்று எழும் குரல் இங்கே முணுமுணுப்பாகத்தான் வந்தது. சலைன் பாட்டில் மாற்ற வந்த நர்ஸ், ஐம்பது வயதிருக்கும், குழாயைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் நிறுத்தியதும், "எங்க மலைப் பாட்டு. கேட்டு ரொம்ப நாளாச்சு" என்றாள். "சொல்லியாச்சா?"

"என்ன சொல்லணும்?"

"படுத்திருக்கறவருக்கு நீங்க செஞ்ச தப்பை. அதைச் சொல்லிட்டுத்தானே இதைப் பாடுவாங்க. சொல்லாம பாடறது இல்லையே." கோபமே இல்லாத குரல். மாத்திரைக்கு முன்னால் சாப்பிட்டாச்சா என்று கேட்கிற குரல்.

முகாமில் யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் இரண்டாம் நாளே மூட்டை கட்டியிருப்பார்கள், அவன் முதல் ஆளாக. நாலு வருஷமாக ஊரைக் கூட்டி வைத்து, கேட்காத மன்னிப்பைப் பாடியிருக்கிறான்.

"இப்ப சொல்லிட்டுப் பாடட்டுமா?" என்று நர்ஸிடம் கேட்டான். கேட்ட பிறகுதான் உறைத்தது, இதையும் அவளிடமே இரவல் வாங்கப் பார்க்கிறோம் என்று.

"பாட்டு எங்களோடது சார். தப்பு உங்களோடது. அதைச் சொல்ல எங்க பாட்டு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, பாட்டிலை மாட்டி, சொட்டு விழுவதைப் பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள்.

அவன் இறகைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தான். தனக்கென்று ஏதாவது ஒரு சாமி, ஒரு வார்த்தை உள்ளே இருக்கிறதா என்று துழாவிப் பார்த்தான். வெட்கம்தான் இருந்தது. அது மட்டும் யாரிடமும் படித்தது இல்லை. சரி, இருக்கிறதை வைத்துத்தானே பேச முடியும்.

"அண்ணே," என்றான். "நான் தினமும் வந்து உங்க கையைப் பிடிச்சுக்கறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். உங்க விரல் அசையுதுன்னும் சொன்னேன். கேட்டவங்க அழுதாங்க. அது எனக்குப் பிடிச்சிருந்துது. நான் வரவே இல்ல அண்ணே. பயந்துட்டேன்."

அண்ணன் இமைக்காமல் பார்த்தார். பதில் அண்ணியிடமிருந்து வந்தது.

"தெரியும். என்கூட தபால் ஆபீஸ்ல வேலை பாக்கறவ உன் வட்டத்துக்கு வர்றா. உன்னைப் பத்திப் பேசி உருகுவா. இவர்கிட்டயும் சொல்லிட்டேன், மூணு மாசமாச்சு." அவள் புடவைத் தலைப்பால் அண்ணனின் வாயோரத்தைத் துடைத்தாள். "அன்னையிலேர்ந்து வீட்டுல தினமும் காலையில வாசக்கதவையே பாத்துக்கிட்டு இருந்தாரு. சொன்னவன் வந்துடுவான்னு நினைச்சாரோ என்னவோ."

அவன் கூனிக் குறுகிக் கட்டிலோரம் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்குள் கையை விட்டு அண்ணனின் காலை இறுகப் பிடித்துக்கொண்டான். அண்ணன் காலை இழுத்துக்கொள்ளவில்லை. நெஞ்சு லேசாக இளகியது. இது போதும், இதற்குமேல் எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டான்.

"அது வலக்கால்," என்றாள் அண்ணி. "அதுல அவருக்கு ஒண்ணும் தெரியாது. இந்தப் பக்கம் வா."

எழுந்து கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனான். இடக்காலை மெல்லத் தொட்டான். தொட்டதுதான் தாமதம், அண்ணன் வெடுக்கென்று முழங்காலை மடித்துக் காலை மேலே இழுத்துக்கொண்டார். கால் கிடந்த இடத்தில் விரிப்பு இன்னும் சூடாக இருந்தது. அவன் அங்கேயே கையை வைத்துக்கொண்டு நின்றான்.